பெரிய ஐயாவின் ஓகே

எடைக்கற்களுக்கும் தராசுகளுக்கும் முத்திரை குத்துகிற அலுவலகம் அது. ஒரு குன்றிமணி எடை குறைந்தாலும் வியாபாரியை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். அத்தனை துல்லியம்! ஆனால் அந்த அலுவலகத்தின் இயக்குநர், அதாவது பெரிய ஐயா, எந்தக் காகிதத்தை நீட்டினாலும் எழுதுகிற வார்த்தை ஒன்றே ஒன்றுதான்: 'ஓகே'.

ஒரு வார்த்தைக்கு ஒரு அர்த்தம்தான் இருக்கும் என்று நினைக்கிறவர் ஆபீஸ் வாசப்படியே மிதிக்காத புண்ணியவான். 'பார்த்தேன், படிக்கலை' என்றாலும் ஓகே. 'படிச்சேன், புரியலை' என்றாலும் ஓகே. 'புரிஞ்சுது, பண்ணமாட்டேன்', 'பண்ணித் தொலை, ஆனா நான் சொன்னேன்னு சொல்லாதே' எல்லாமே ஓகேதான். எப்போதாவது அபூர்வமாக 'சம்மதம்' என்றும் அர்த்தம் வரும்.

எது எந்த ஓகே என்று சொல்ல ஒரே ஆள்தான் உண்டு. ஐயாவின் அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் அட்டெண்டர். ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுதினால் படிக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்தபடி எழுதினால் நடக்காது. பேனா மூடியைக் கடித்துக்கொண்டே எழுதினால் நிஜமான சம்மதம். இதை அட்டெண்டர் எட்டிப் பார்த்து சூப்பிரண்டின் காதில் சொல்ல, அவர் அதன்படி உத்தரவு போடுவார். இந்த நடைமுறை எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. ஆகவே ஒருநாளும் மீறப்பட்டதில்லை.

டைப்பிஸ்ட் அக்காவின் மாறுதல் மனுவில்தான் வந்தது வினை. அவள் புருஷனுக்கு வேலை ஒன்பது மணி நேர பஸ் தூரத்தில். கல்யாணமாகி நாலு வருஷம், குடும்பம் நடத்தியதெல்லாம் போனில்தான். அந்த ஊரில் ஒரே ஒரு இடம் காலி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் உத்தரவு போகாவிட்டால் அது வேறு ஆளுக்கு.

புதன்கிழமை ஐயா மனுவில் ஓகே எழுதிவிட்டார். ஆனால் அன்றைக்குப் பார்த்து அட்டெண்டர் பல் பிடுங்கிக்கொள்ள மூன்று நாள் லீவு!

"சார், அதான் ஓகேன்னு போட்டிருக்காரே!" என்றாள் அக்கா.

"போட்டிருக்கார்மா. எந்த ஓகேன்னு யாரும்மா பார்த்தா?" என்றார் சூப்பிரண்டு. "அவசரப்பட்டு நான் உத்தரவு போட்டு, அது பண்ணமாட்டேன்-ஓகேயா இருந்துட்டா? எனக்கு ரிடையர் ஆக எட்டு மாசம்தான் இருக்கு."

மேற்படி ஓகேயின் தன்மையைக் கண்டறிய மூவர் குழு அமைக்கப்பட்டது. குழு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது. கடைசியில், கைவசம் இருந்த ஒரே விஞ்ஞானத்தைப் பிரயோகித்துக் காகிதத்தைத் தராசில் வைத்தது. ஐந்து கிராம் இருந்தது. சம்மதத்துக்கு எவ்வளவு எடை என்று குழுவில் ஒருவருக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு ஐயாவின் அறைக்குள் நுழைந்தாள்.

"ஐயா, நீங்க எழுதினது எந்த ஓகே?"

ஐயா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கதவுப் பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தப்பா நினைக்காதேம்மா. எனக்கே அட்டெண்டர் சொன்னாத்தான் தெரியும்" என்றார்.

அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ஐயா, நாலு வருஷமா தனியா கிடக்கறேன். ஆமாவா, இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

முப்பத்தோரு வருஷ சர்வீஸில் அவரிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. பாவம், நல்ல மனுஷன். 'ஆமாம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

சூப்பிரண்டு அதைப் பார்த்ததும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "ஐயோ, என்னம்மா இது? ஆமாம்னா ஆமாம்னு மட்டும்தானே அர்த்தம்! நாளைக்கு ஒரு கேள்வி வந்தா யாரும்மா பதில் சொல்றது? தப்பிக்க ஒரு சந்து வேணாமா? இதை வெச்சு உத்தரவு போட முடியாது. போய் மறுபடி ஓகே வாங்கிட்டு வா."

அக்கா ஆட்டோ பிடித்துப் போய், கன்னம் வீங்கி வாயில் பஞ்சோடு படுத்திருந்த அட்டெண்டரை எழுப்பி, கையோடு கூட்டிக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்காரவைத்தாள். ஸ்டூலில் ஆளைக் கண்டதும் ஐயாவுக்குப் போன உயிர் திரும்பிவந்தது. பேனா மூடியை நறுக்கென்று கடித்து, அழகாக ஒரு ஓகே எழுதினார். அட்டெண்டரால் பேச முடியவில்லை, கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். நாலே முக்காலுக்கு உத்தரவு போய்ச் சேர்ந்தது. ஆபீஸே கைதட்டியது.

அக்கா சந்தோஷம் தாங்காமல் புருஷனுக்குப் போன் போட்டாள். "ஏங்க, கிடைச்சிடுச்சுங்க! திங்கக்கிழமையே வந்துடறேன். இனிமே ஒருநாள்கூட உங்களைத் தனியா விடமாட்டேன்!"

அந்தப் பக்கமிருந்து ஒரே வார்த்தையில் பதில் வந்தது.

"ஓகே."

அக்கா போனைக் காதிலிருந்து மெதுவாக எடுத்தாள். வாசல் ஸ்டூலைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"அண்ணே, வீடியோ கால் போடறேன். சித்த வந்து இந்த மனுஷன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க."