ஆஃப் பண்ணிய சர்வர் பதில் சொன்ன கதை

‘தெரியலை’ என்று சொல்ல எனக்கு இருபத்து மூன்று வயது வரை தெரியாது. காஞ்சிபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் சேர்ந்த மூன்றாம் மாதம், ஓனர் என்னை முதன்முதலாகத் தனியாக அனுப்பிய வேலைதான் அதைக் கற்றுக்கொடுத்தது.

இடம் பிள்ளையார்பாளையம். அங்கே புவனாக்கா பட்டுச்சேலை பார்டருக்கும் முந்திக்கும் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவர். மாடியில் அவர் வரைவதெல்லாம் கீழ் அறை சர்வருக்கு தினமும் ஒரு காப்பி போய்விட வேண்டும். பத்து நாளாகப் போகவில்லை. போதாக்குறைக்கு மாடிக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் ‘டொக் டொக்’ என்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது.

“நாலு மாச டிசைனு இதுலதான் இருக்குது தேவி. பூட்டுச்சுன்னா தறிக்காரங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது?” என்றார்.

கிளம்பும் முன்பே போனில், “கம்ப்யூட்டர்ல இதை அடிச்சு, வர்ற நம்பரைப் படிங்கக்கா” என்று சர்வரின் முகவரியைக் கேட்டு வாங்கியிருந்தேன். (எவ்வளவு முன்யோசனை!) மாடியில் உட்கார்ந்து அந்த முகவரிக்கு பிங் போட்டேன். பிங் என்றால், “இருக்கியாப்பா?” என்று கூப்பிட்டுப் பார்ப்பது. மெஷின் இருந்தால் பதில் வரும். நாலு முறை கூப்பிட்டேன், நாலு பதில். மின்னல் வேகம்.

“இந்த மாதிரி நெட்வொர்க் நான் பார்த்ததே இல்லக்கா!” (அதுவரை பார்த்தது மொத்தம் மூன்று.)

தினமும் காப்பி அனுப்பும் பேக்கப் புரோகிராமிலும் அதே முகவரியைப் போட்டேன். ‘இணைக்க முடியவில்லை’ என்றது. வெளியாட்களைத் தடுக்கும் ஃபயர்வாலை நிறுத்தினேன். புரோகிராமையே அழித்துத் திரும்ப ஏற்றினேன். அசையவில்லை. பழி போட ஏதாவது வேண்டியிருந்தது, வயர் அகப்பட்டது. கேபிள் வேலை செய்யும் செல்வத்தை வரவழைத்தேன்.

“பதில்தான் வருதே மேடம், அப்புறம் வயர்ல என்ன கோளாறு?” என்றார் அவர்.

“வருது. ஆனா பலம் பத்தலை.” (அப்படி ஒன்று கிடையவே கிடையாது. வாயில் வந்ததைச் சொன்னேன்.)

பாவம், உச்சி வெயிலில், சாயம் தோய்த்துக் காயப்போட்டிருந்த நூலில் தலை படாமல் குனிந்து குனிந்து மொட்டை மாடி வழியாகப் புது வயர் இழுத்தார். பிங் பறந்தது. பேக்கப் படுத்தே கிடந்தது.

புவனாக்கா டீயோடு வந்தார். “ஒண்ணு கேக்கட்டா? கீழ இருக்கறது ஆஃப்ல இருந்தா பதில் வருமா?”

“எப்படிக்கா வரும்?”

“ஆஃப் பண்ணித்தான் பாரேன்.”

செல்வம் கீழே போய் சர்வரை அணைத்துவிட்டுக் குரல் கொடுத்தார். பிங் போட்டேன். பதில் வந்தது. “பிளக்கையே புடுங்குங்க!” என்று கத்தினேன். புடுங்கினார். அப்போதும் வந்தது.

“அப்போ யாரும்மா பேசறது?” புவனாக்காவின் முகத்தில் பயமே இல்லை. பக்கத்து வீட்டுச் சண்டையை எட்டிப் பார்ப்பவர் மாதிரி திரையிடம் குனிந்தார்.

“தெரியலைக்கா.” சொல்லிவிட்டேன்.

அவர் திரையில் இருந்த முகவரியை விரலால் தொட்டுக் காட்டிக் கேட்டார்: “இது நான் போன்ல படிச்ச நம்பருதானே? நான் இந்த மாடிக் கம்ப்யூட்டர்லதான அடிச்சேன்? நீ கீழ போய் அடின்னு சொல்லவே இல்லியேம்மா.”

எந்த மெஷினில் அடிக்கிறோமோ அந்த மெஷினின் நம்பர்தான் வரும். காலையிலிருந்து அந்தக் கம்ப்யூட்டர் தன்னைத்தானே கூப்பிட்டு, தானே பதில் சொல்லிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து நான் அதன் வேகத்தை மெச்சிக்கொண்டிருந்தேன்.

சர்வரை உயிர்ப்பித்து அதன் நிஜ முகவரியைப் பார்த்தேன். பத்து நாள் முன்பு புது ரவுட்டர் மாட்டியபோது அது மாறியிருந்தது. கோளாறு அவ்வளவுதான். சரிசெய்ய ஒரு நிமிடம். சாயங்காலத்துக்குள் நாலு மாச டிசைனும் கீழே இறங்கிவிட்டது. மறுநாளே ஹார்ட் டிஸ்க் உயிரை விட்டது. ஒரு பூகூடத் தொலையவில்லை.

செல்வத்திடம் மன்னிப்புக் கேட்டேன். “பலம் பத்தலைன்னப்பவே பொய்யின்னு தெரியும் மேடம். எவ்ளோ தைரியமா சொல்றீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்” என்றார். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆகிறது.

இப்போதும் நான் குழம்பை ஊற்றி, “எப்படி இருக்குது?” என்று கேட்டு, யாரும் வாயைத் திறப்பதற்குள் “நல்லாத்தான் இருக்குது” என்று நானே சொல்லிவிடுவேன். உடனே செல்வம் எங்கள் மகள் பக்கம் சாய்ந்து சொல்வார்: “சர்வரு ஆஃப்ல இருக்குது பாப்பா. பேசறது உங்கம்மாதான்.”