விண்வெளியில் ஓர் எலி

களஞ்சியத்தில் கூரை வரைக்கும் சாப்பாடு அடுக்கியிருக்கும்போது சனம் ஏன் தெருவில் இறங்குகிறது என்பது முருகேசருக்கு விளங்கவேயில்லை.

கணினித் திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தார். விண்வெளி நிலையத்தின் இரண்டாம் பகுதியில் ஆட்கள் எறும்புகளைப் போலக் கூடி நின்றார்கள். சனத்தின் நம்பிக்கையைக் காட்டும் கோடு பச்சையிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளில் சற்று நின்று யோசித்துவிட்டு, சிவப்புக்குப் போனது.

கைப்பேசி அவருடைய காதுக்கும் தோளுக்கும் நடுவில் இருந்தது. மறுமுனையில், கனடாவில், மனைவி பத்மாவதி.

"சாப்பிட்டீங்களோ?"

"ஓம் ஓம். இஞ்சை சனம் கூத்தடிக்குது."

"எந்தச் சனம்?"

"இந்த நிலையத்துச் சனம்தான். வேற ஆர்?"

மறுமுனையில் புதிதாகப் பிறந்த பேரப்பிள்ளை எங்கோ சிணுங்கியது.

"அதுகளுக்குச் சாப்பாடு குடுத்தனீங்களோ?"

"அரை வயித்துக்குக் குடுக்கிறன். அதுகளுக்கு அது காணும்."

"கொஞ்சம் கூடக் குடுங்கோவன்."

"குடுத்திட்டு, நாளைக்கு?"

கலியாணம் முடித்த நாள் தொடக்கம் அந்த 'நாளைக்கு?' என்ற கேள்விக்குப் பத்மாவதி பதில் சொன்னதே இல்லை. பதில் இல்லாதபடியால்தான் சொல்லவில்லை என்று முருகேசர் நினைத்திருந்தார்.

அவர் நீர்வேலிக் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற அடுத்த நாளே குசினியின் நிர்வாகத்தைக் கையில் எடுத்தார். குழம்புக்கு எத்தனை மிளகாய் என்பது வரைக்கும் போனது. கனடாவிலிருந்த மகள் தர்சிகா தாயின் குரலில் எதையோ கேட்டிருக்க வேண்டும். ஒரு கணினியை வாங்குவித்து, அதில் இந்த விளையாட்டையும் போடுவித்தாள். "அப்பா, உங்களுக்கு நிர்வாகம் செய்ய ஒரு ஊரே இருக்கு. அம்மாவைக் கொஞ்சம் விடுங்கோ."

ஊர்தான். பூமி அழிந்துபோய்விட்டது. மிஞ்சிய சனத்தை ஏற்றிக்கொண்டு ஓர் உடைந்த நிலையம் வாசல் வாசலாகத் தாண்டி வானம் விட்டு வானம் போகிறது. வெளிச்சுவர் நாளுக்கு நாள் தேயும். அதை ஒட்ட இரும்பு வேண்டும். இரும்பை உருக்க ஆட்கள் வேண்டும். ஆட்களுக்குச் சாப்பாடு வேண்டும். நம்பிக்கை முற்றாக இல்லாமற் போனால் சனம் நிர்வாகியைக் கதவுக்கு வெளியே விட்டுவிடும். வெளியே காற்று இல்லை. தோற்றால் பழைய இடத்துக்குத் திரும்பிப் போய் ஆட முடியாதபடி ஒரு வகை இருந்தது. முருகேசர் அதைத்தான் தெரிந்தெடுத்தார். "வாழ்க்கையிலை திரும்ப விடுவாங்களோ?" என்று மகளைக் கேட்டார்.

நிர்வாகம் அவருக்குப் புதிதல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில், சீனியும் சவுக்காரமும் மண்ணெண்ணெயும் குடாநாட்டுக்குள் வராமல் நின்றபோது, அவர் வீட்டுச் சாமான் முழுவதையும் ஓர் அறையில் வைத்துப் பூட்டினார். பூட்டின் திறப்பை இடுப்புக் கயிற்றில் கட்டினார். ஆளுக்கு அரைச் சுண்டு அரிசி; பால்பேணியால் அளந்து தானே கொடுப்பார். அந்த வீட்டில் ஒருவரும் பட்டினியால் சாகவில்லை. அவருடைய வாழ்க்கையில் அவர் நினைத்து நிமிரக்கூடிய காரியம் அது ஒன்றுதான். தடை போய், சண்டை போய், கடைகளில் சாமான் குவிந்த பிறகும் அறை பூட்டியபடியே இருந்தது. திறப்பு இடுப்பிலேயே இருந்தது.

ஒரே ஒரு தொல்லை, எலி. அன்றிலிருந்தே அரிசி அவருடைய அளவுக்கு எப்போதும் கொஞ்சம் குறையும். விசித்திரமான எலி. குளிக்கிற சவுக்காரமும் எடுக்கும், நெருப்புப்பெட்டியும் எடுக்கும். அவர் வைத்த பொறி எதிலும் அது மாட்டியதில்லை.

நிலையத்திலும் அப்படித்தான். கிணற்றடியில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் களஞ்சியத்தில் சாப்பாடு கொஞ்சம் இறங்கியிருக்கும்.

"பத்மா, விண்வெளியிலும் எலி இருக்கு" என்று ஒருநாள் அவர் சொன்னபோது, அவள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள்.

"இருக்கும்" என்றாள்.

இப்போது அவள் கனடாவுக்குப் போனபிறகு இரண்டு இடத்திலும் எலித்தொல்லை அடியோடு நின்றுவிட்டது. முருகேசர் இதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டார்.

அந்த உற்சாகத்தில்தான் மருமகன் கஜானனோடு பந்தயம் கட்டினார்.

"மாமா, தனிய இருந்து என்ன செய்யப் போறியள்? மாமி இஞ்சை நிக்கட்டும். நீங்களும் வாங்கோ" என்று மருமகன் தொடங்கினான்.

"எனக்கு ஒருத்தரும் தேவையில்லை தம்பி. நான் ஒரு நிலையத்தையே கொண்டு திரியிறன்."

"அப்ப சரி. உங்கடை நிலையம் கடைசி வாசலைத் தாண்டினால் மாமியை நானே கூட்டிக்கொண்டு வந்து விடுறன். விழுந்தால் நீங்கள் வீட்டைப் பூட்டிப்போட்டு இஞ்சை வரவேணும்."

"பயணச்சீட்டைப் போடும், மாமிக்கு" என்றார் முருகேசர்.

கடைசி வாசலுக்கு ஒரு வானம் மட்டும் மிச்சம். அதற்குள்தான் இந்தக் கலகம்.

சனத்துக்கு ஒரு பாடம் படிப்பிக்க வேண்டும் என்று அவர் தீர்மானித்தார். அரை வயிறு கால் வயிறு ஆனது. மறுநாள் உலையில் நின்றவர்கள் மயங்கி விழுந்து, உலை வெடித்தது. இரும்பு நின்றது. சுவரில் ஓட்டை விழுந்தது. ஓட்டையை அடைக்க மிச்ச ஆட்களை இரட்டை வேலைக்கு விட்டார். அவர்களும் விழுந்தார்கள். விழுந்தவர்களைப் பார்த்து மற்றவர்கள் அழுதார்கள். அழுகையை நிறுத்த, விளையாட்டு ஒரு நினைவுத்தூண் கட்டச் சொன்னது. சாப்பாடு கொடுக்கலாம் என்றும் அதற்குக் கீழே எழுதியிருந்தது. முருகேசர் தூணைக் கட்டினார்.

தூணுக்கு இரும்பு போனதால் ஓட்டை பெரிதானது.

களஞ்சிய வாசலில் காவலுக்கு ஆட்களை நிறுத்தினார். அவர்களுக்கும் கால் வயிறுதான். மத்தியானம் அவர்களும் கூட்டத்தோடு போய் நின்றுகொண்டார்கள்.

முருகேசர் எழுந்து குசினிக்குப் போனார். அறையைத் திறந்து, மூட்டைகளைப் பார்த்து, பால்பேணியில் அரைச் சுண்டு அளந்தார். யோசித்து, அதிலும் ஒரு பிடியைத் திரும்பக் கொட்டினார். வடித்த சோறு கோப்பையின் அடியில் வெட்கப்பட்டுக்கொண்டு கிடந்தது. கால்களுக்குள் சுற்றித் திரியும் பூனையை இரண்டு நாளாகக் காணவில்லை. வேலிக்கு அப்பால், பக்கத்து வீட்டு மதிலில், அது முகம் கழுவிக்கொண்டிருந்தது.

"நன்றி கெட்ட சாதி" என்றார்.

பூனை திரும்பிப் பார்க்கவில்லை.

வீடு வெகுநேரம் சத்தமில்லாமல் இருந்தது. இப்படி ஒரு அமைதி வேண்டும் என்றுதான் அவர் பல காலம் கேட்டிருந்தார்.

பிறகு ஜெனிஸ்ரனுக்குத் தொலைபேசி எடுத்தார்.

ஜெனிஸ்ரன் சந்தியில் கணினி திருத்தும் கடை வைத்திருப்பவன். தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. அவனுடைய தகப்பன் சந்தியோகு பூட்டுத் திருத்துகிறவர். சண்டைக்குள் குருநகரிலிருந்து ஓடிவந்து நீர்வேலியிலேயே தங்கிவிட்ட குடும்பம். தகப்பனின் குறடும் ஆணிமுடுக்கியும்தான் மகனின் பையிலும் கிடந்தன.

"தம்பி, மெசினிலை வைரஸ் பூந்திட்டுது. சரியாப் பாரும்."

ஜெனிஸ்ரன் இருந்து பார்த்தான். "ஐயா, மெசின் குத்துக்கல்லு மாதிரி இருக்கு."

"அப்ப விளையாட்டை மாத்திப்போட்டாங்கள். முந்தி அரை வயித்துக்கு வாய் திறக்காத சனம்."

"ஒண்டும் மாத்தேல்லை."

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே நிலையத்தில் ஒரு மணி அடித்தது. திரையின் நடுவில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. சனம் ஒருமனதாக முடிவெடுத்துவிட்டது. ஒரு கதவு திறந்தது. வெள்ளை உடுப்புப் போட்ட சின்ன உருவம் ஒன்று, கைகால் அசைக்காமல், நட்சத்திரங்களுக்குள் மெல்ல மெல்ல விலகிப் போனது.

"அது ஆர்?" என்றார் முருகேசர்.

"நீங்கள்தான் ஐயா."

இருவரும் அது மறையும்வரை பார்த்திருந்தார்கள். முருகேசர் ஜெனிஸ்ரனுக்குக் கிட்டக் குனிந்தார். குரல் இறங்கியிருந்தது.

"தம்பி, எனக்கு ஒரு உதவி செய்யும். மருமகனுக்கு எடுத்து, மெசின் பிழை எண்டு ஒரு சொல்லுச் சொல்லிவிடும். இல்லாட்டி நான் இந்த வீட்டைப் பூட்டிப்போட்டுப் போகவேண்டி வரும்."

ஜெனிஸ்ரன் தலையைச் சொறிந்தான். "பொய் சொல்லுறது பெரிய வேலையில்லை ஐயா. ஆனா கனடாவிலை அம்மாவுக்குத் தெரியுமே."

"அவவுக்கு என்ன தெரியும்?"

"மகளோடை வீடியோவிலை கதைக்கப் பழக்க நான் வந்த அண்டைக்கு அம்மா கேட்டவா, இந்தச் சனத்துக்குக் களஞ்சியத்தைத் திறந்து விடுறதுக்கு எதை அமத்தவேணும் எண்டு. நீங்கள் கிணத்தடிக்குப் போற நேரம் ஒவ்வொரு நாளும் அவாதான் திறந்து விட்டவா."

முற்றத்தில் ஒரு தென்னோலை விழுந்த சத்தம் கேட்டது.

"விளையாட்டிலை என்னவும் செய்திருக்கட்டும்" என்றார் முருகேசர். கை தானாக இடுப்புக்குப் போய்த் திறப்பைத் தொட்டது. அது அங்கேதான் இருந்தது. "பொம்மைச் சனம்தானே. ஆனா தடைக்காலம் முழுக்க இந்த வீட்டிலை ஒரு அறை, ஒரு பூட்டு, ஒரு திறப்பு. அதாலைதான் நாங்கள் இண்டைக்கு உயிரோடை இருக்கிறம். அதை ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லேலாது."

ஜெனிஸ்ரன் பையைப் பூட்டிவிட்டுத் தோளில் போட்டான். வாசல்வரை போனான். பூட்டிய அறையை ஒருமுறை பார்த்தான்.

"ஐயா, நாங்கள் நீர்வேலிப் பள்ளிக்கூடத்திலை அகதியாக் கிடக்கேக்கை இந்த வீட்டு அம்மாவுக்கு இந்த அறைக்கு ரண்டாவது திறப்பு வெட்டிக் குடுத்தது எங்கடை அப்பாதான், அதுக்குக் கூலியை அவர் மூண்டு வருசமா அரிசியாத்தான் வாங்கினவர்."