ஜெரால்டு புராஜெக்ட்டில் நான் மறைத்த ஒரு விதி

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பேனாவை எடுத்தாலே கொட்டாவி வருகிற ஆள் நான். (பிளஸ் ஒன் பாதியிலேயே பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன்.) ஆனால் ஜெரால்டு வேலைக்கு ஓசூர் போனதிலிருந்து கடையில் சாயங்காலம் வெறிச்சென்று இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நான் செம்மண்டலத்தில் பைக் மெக்கானிக். என் பழைய பெஞ்சுக்காரன் ஜெரால்டு அப்போது சிதம்பரத்தில் இன்ஜினியரிங் கடைசி வருஷம். வண்டிக்கு என்ன கோளாறு என்று கம்ப்யூட்டரே சொல்ல வேண்டும், அதுதான் அவன் புராஜெக்ட். அதற்கு விதிகள் சொல்ல ஒரு நிபுணர் வேண்டுமாம். (நான்தான். சிரிக்கக் கூடாது.)

தினமும் காலேஜ் முடிந்து, பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கடைக்கு வருவான். பழைய டயர் மேல் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறப்பான்.

"இன்ஜின் சூடா இருந்தா என்னா செய்வ?"

"எவ்ளோ சூடு? லேசாவா, கையே வைக்க முடியாதா?"

"அதான் மச்சான் ஃபஸ்ஸி லாஜிக். ஆமா, இல்லன்னு ரெண்டோட நிக்காது. லேசா, சுமாரா, ஜாஸ்தின்னு நடுவுல உள்ளதயும் எடுத்துக்கும்."

"இதுக்கா நாலு வருஷம் படிச்ச? எங்கிட்ட வந்திருந்தா ஒரு டீயில முடிச்சிருப்பேன்."

எல்லா விதியும் சொன்னேன், ஒன்றைத் தவிர. வாட்டர் வாஷ் விட்ட வண்டியில் பிளக்குக்குத் தண்ணீர் இறங்கினால் ஸ்டார்ட் ஆகாது. எங்கள் கடையில் கழுவின வண்டிகளே அப்படித் திரும்பி வரும். துடைத்துவிட்டு, "பிளக் வீக் சார்" என்று சொல்லிக் காசு வாங்குவோம். தொழில் ரகசியத்தைக் கம்ப்யூட்டரிடம் சொல்வார்களா? போதாததற்கு, பெட்ரோல் இருக்கு என்கிறவனை நம்பாதே என்று ஒரு விதி வைத்து, அதற்கான பதிலையும் குறும்பாக நானே அடித்துவிட்டேன்.

வைவா, அதாவது புராஜெக்ட்டுக்கு வாய்மொழிப் பரீட்சை, வந்தது. பாஸானால்தான் அவனுக்குக் கிடைத்திருந்த வேலை நிலைக்கும். நிபுணராக நானும் போனேன், அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு.

வெளியிலிருந்து வந்திருந்த பரீட்சைக்காரர் சொன்னார்: "என் ஸ்கூட்டரே மக்கர் பண்ணுது. அதையே பாத்துடுவோம். பெட்ரோல் ஃபுல். ஒதச்சி ஒதச்சி காலே போச்சு."

ஜெரால்டு அடித்தான். திரையில் வந்தது: 'வண்டிக்காரர் பொய் சொல்றாரு. டேங்க்கத் தொறந்து பாரு.'

"யாருப்பா எழுதுனது?"

 ஜெரால்டு என்னைப் பார்த்தான்.

கீழே போய்த் திறந்தோம். டேங்க் ததும்பியது. வண்டி பளபளவென்று இருந்தது. குனிந்து பிளக் பக்கம் பார்த்தேன்.

"காலையில கழுவுனீங்களா சார்?"

"ஆமாம், பஸ் ஸ்டாண்டு பக்கத்துல வாட்டர் வாஷ் விட்டேன். அங்கேருந்து தள்ளிட்டுதான் வரேன். அது ஏன் உங்க சிஸ்டத்துக்குத் தெரியல?"

ஜெரால்டு முகத்தில் ரத்தமே இல்லை.

"அவன் மேல தப்பு இல்ல சார். நான்தான் சொல்லாம மறைச்சேன். அது கடை ரகசியம்."

அவர் லேப்டாப்பைக் காட்டினார். "இப்பவே சேருங்க."

ஸ்கூட்டர் சீட்டின் மேலேயே லேப்டாப்பை வைத்து அந்த விதியைச் சேர்த்தோம். இந்த முறை சரியாகச் சொன்னது. பிளக்கைக் கழற்றி, நான் போட்டிருந்த ஜெரால்டு சட்டை நுனியிலேயே துடைத்தேன். இரண்டாவது உதையில் ஸ்டார்ட் ஆனது. பாஸ் போட்டார்.

இன்றைக்கும் ஜெரால்டு வீட்டுக்குப் போய், "சாப்ட்டேன்மா" என்றால், அவன் அம்மா, "டேங்க்கத் தொறந்து பாக்கட்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் தட்டு வைக்கிறார்.

எழுதி முடித்ததும் அவனுக்கு அனுப்பி, பேரைப் போடலாமா என்று கேட்டேன்.

"பேரு போட்டுக்க மச்சான், மார்க்க மட்டும் போட்டுடாத."