அப்ஜெக்ஷன் அண்ணாச்சியின் நன்கொடை ரசீது

வரி ஏய்ப்பவர்களைத் திருத்தச் சட்டம் இருக்கிறது. கட்ட வேண்டாத வரியை மல்லுக்கட்டிக் கட்டுகிறவரைத் திருத்த இந்தப் பூலோகத்தில் எதுவும் இல்லை. முயன்று தோற்றவள் சொல்கிறேன்.

தென்காசியில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் எனக்கு வேலை. குற்றாலத்தில் சாரல் விழுகிற அதே ஜூலையில்தான் வருமான வரிக் கணக்குக்கும் கடைசித் தேதி வந்து தொலையும். ஊரே அருவியில் நனைய, நாங்கள் ஃபைலில் முங்குவோம். அப்போது தலையில் எண்ணெய், தோளில் சொட்டுகிற துண்டு, கையில் பிளாஸ்டிக் பை நிறைய ரசீதுகளோடு வந்து இறங்குவார் அப்ஜெக்ஷன் அண்ணாச்சி. கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இனிஷியலுக்குப் பின்னால் புள்ளி இல்லை என்று தன் மேலதிகாரியின் பில்லையே திருப்பி அனுப்பியவராம். பட்டப்பெயர் அப்படி வந்தது.

பென்ஷனில் ஒரு பெரும்பங்கு வடகரைப் பக்கம் உள்ள ஓர் ஆதரவற்றோர் இல்லத்துக்குப் போய்விடும். அதற்கு வரிக்கழிவு உண்டு. கழிவு கிடைத்தால் மிச்சமாகும் பணத்தில் அவருக்குக் காது மெஷின் வாங்கலாம். பழையது செத்து வெகுநாளாகிறது.

முதல் வருடம் அவர் கொடுத்தது அரிசி மூட்டை.

"அண்ணாச்சி, அரிசிக்குக் கழிவு கிடையாது! பணமாக் கொடுக்கணும்!" என்று கத்தினேன்.

"நல்ல பொன்னி அரிசி பிள்ள!"

"பாஸ்மதியா இருந்தாலும் கிடையாது!"

அடுத்த வருடம் ரொக்கம்.

"ரெண்டாயிரத்துக்கு மேல ரொக்கம் செல்லாது அண்ணாச்சி! பேங்க் வழியாப் போகணும்னு சொன்னேம்லா?"

"பேங்க்ல இருந்துதான எடுத்தேன்? வானத்துல இருந்தா விழுந்துது?"

ஆபீஸே சிரித்தது. நான் அழவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது வருடம் விடவில்லை. மார்ச் முடியும் முன்பே வரவழைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவர் போனிலேயே, பென்ஷன் கணக்கிலிருந்து நேராக இல்லத்தின் கணக்குக்கு அனுப்ப வைத்தேன். பான் எண்ணும் சரியாகக் கொடுத்தாயிற்று. ஜெயித்துவிட்டேன் என்று துள்ளினேன். ஜூலையில் ரசீதோடு வந்தார். பெயர்: கோமதியம்மாள், உத்திரட்டாதி நட்சத்திரம். காலமாகிவிட்ட அவர் மனைவி! கோயில் அன்னதானத்துக்கு எழுதிக் கொடுப்பதைப் போலக் கொடுத்திருக்கிறார். பழைய ரசீதுகளைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் அதே கோமதியம்மாள், அதே உத்திரட்டாதி.

பெயரும் பான் எண்ணும் பொருந்தாவிட்டால் கழிவு கிடையாது. கொட்டுகிற மழையில் வடகரைக்கு பஸ் ஏறினேன். இல்லத்து ஆபீசில் இருந்த அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார்.

"நாங்களும் சொல்லிப் பாத்துட்டோம்மா. பேரை மாத்துனா துட்டைத் திருப்பிக் கொடுன்னு சண்டைக்கு வாராவ. ஒரு கடுதாசில கையெழுத்து வாங்கிட்டு வா, அண்ணாச்சி பேருக்கே புது ரசீது போட்டுத் தாரேன்."

மறுநாள் கடிதத்தையும் பேனாவையும் அண்ணாச்சி முன்னால் வைத்தேன்.

"ஒரே ஒரு கையெழுத்து அண்ணாச்சி! காது மெஷின் வேண்டாமா?"

"வேண்டாம் பிள்ள."

"ஒத்தப் புள்ளிக்கு பில்லைத் திருப்பின ஆளு நீங்க! இங்க பேரே வேற. நீங்களா இருந்தா பாஸ் பண்ணுவீங்களா?"

"பண்ண மாட்டேன்" என்றார். பிறகு, எப்போதும் தெருவுக்கே கேட்கப் பேசுகிறவர், மெல்லச் சொன்னார்: "ரேஷன் கார்டுல அவ பேரை எடுத்துட்டானுவ. ஓட்டர் லிஸ்டுலயும் எடுத்துட்டானுவ. கேஸ் சிலிண்டர் புக்கு எம்பேருக்கு வந்துட்டு. இந்த ரசீது ஒண்ணுலதான் பிள்ள, வருசா வருசம் அவ பேரைப் புதுசா எழுதுதாவ. முன்னாடி 'லேட்'னு போடாம."

கழிவில்லாமலே கணக்கைத் தாக்கல் செய்தேன். வரியை முழுசாகக் கட்டினார். காது மெஷின் வரவில்லை. இன்றும் அவரிடம் பேசினால் எனக்குத் தொண்டை கட்டிவிடுகிறது.

போன வாரம் என் சம்பளத்தில் கொஞ்சம் அந்த இல்லத்துக்கு அனுப்பினேன். பேங்க் வழியாக, பான் எண்ணோடு, எல்லாம் முறைப்படி. ரசீது யார் பேருக்கு என்று அந்த அக்கா போனில் கேட்டார்.

கோமதியம்மாள் என்றேன். உத்திரட்டாதி.