மடியில் இருந்த புட்டி

பிள்ளை இல்லையென்றால் பெண்டாட்டிக்கு வைத்தியம் பார்ப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். ஆம்பளைக்குத்தான் மீசை இருக்கிறதே, அப்புறமென்ன குறை? நானும் அந்த மீசையை நம்பியே திரிந்தேன். அம்மா எனக்கு இரண்டாவது பெண் பார்க்கக் கிளம்பியபோது, என் மனைவி கமலா வாசலை மறித்தாள்.

"மொதல்ல உங்க புள்ளைய சோதிச்சுட்டு வர்றேன் அத்தை. அப்பறம் பொண்ணு பாருங்க."

தஞ்சாவூர் டாக்டரம்மா விந்து பிடித்துத்தர ஒரு சின்னப் புட்டியைக் கொடுத்தார். ஆஸ்பத்திரியிலேயே எடுத்துத்தர எனக்கு வெட்கம். வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள், உடம்புச் சூட்டோடு வந்து சேர வேண்டும் என்றார். புட்டியை வேட்டி மடியில் சுருட்டிக்கொண்டு பூதலூரில் பஸ் ஏறினேன். கமலாவும் வந்தாள்.

அறுவடைக் கூலிப் போராட்டம் நடந்த சமயம். பாதி வழியில் சிவப்புக் கொடி ஊர்வலம், பஸ் நின்றுவிட்டது. போலீஸ் ஏறிச் சோதனை போட்டது. மதுவிலக்கு வேறு. ஏட்டய்யாவின் கண் நேரே என் இடுப்புக்குப் போனது. (மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்று சும்மாவா சொன்னார்கள்!)

"மடியில என்னய்யா?"

"ம... மருந்துங்க."

"எந்தச் சாராயக்கடை மருந்து?" என்று பிடுங்கி, மூடியைத் திறந்து, மூக்கருகே கொண்டுபோனார்.

"ஐயய்யோ, மோந்து பாக்காதீங்கய்யா!" கமலா எழுந்து கத்தினாள். "அதுல எங்க புள்ள இருக்கு! ஆறிப்போச்சுன்னா எனக்குச் சக்களத்தி வந்துருவா!"

பஸ்ஸே என்னைப் பார்த்தது. ஏட்டய்யா மூடியை மாட்டி, பிரசாதம்போல இரண்டு கையாலும் நீட்டினார். பிறகு எங்களைத் தன் ஜீப்பிலேயே ஏற்றினார். விஷயம் அதற்குள் ஊர்வலத்துக்கும் எட்டிவிட்டது.

"வழிய விடுங்கடி, புள்ள போவுது!" என்றாள் கொடி பிடித்த ஒரு பெண். கூட்டம் விலகியது. நான் தலை நிமிரவேயில்லை.

டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். வெளிச்ச வட்டத்துக்குள் தலையும் வாலுமாக உயிர்கள். அம்மாடி, என் உடம்பிலா இத்தனை! கையெடுத்துக் கும்பிட்டேன். (நிஜமாகவேதான்.)

"பாதிக்கு மேல ஓடவேயில்ல பாருங்க. சிலதுக்கு வாலே சரியில்ல. புள்ளையோட பாதி இந்தத் தலைக்குள்ளதான் இருக்கு. உங்க வம்சத்து மூக்கு, முழி எல்லாம் இதுலதான் போகுது. உள்ள இருக்கறது கெட்டிருந்தா, கரு தரிச்சாலும் சில சமயம் தங்காது. என்ன வேலை பாக்கறீங்க?"

"ரைஸ்மில்லுங்க. நெல் அவிக்கிற அடுப்பு."

"நாளெல்லாம் இடுப்புக்கு நேரா அனல். வாயில பீடி வேற. அவிச்ச நெல்லு முளைக்குமாங்க?"

அந்தத் துளித் தலைக்குள் என் அப்பாவின் கோணல் மூக்கு உட்கார்ந்திருக்கிறதா! அதையா நான் தினமும் வேகவைத்தேன்?

"அடுப்பையும் பீடியையும் விடுங்க. புதுசா விளைய மூணு மாசம், ஒரு குறுவைக்காலம் ஆகும். அப்பறம் பாப்போம்."

மில்லில் எடை போடும் வேலைக்கு மாறினேன். அம்மா பெண் பார்ப்பதைத் தள்ளிப்போட்டாள். இரண்டாம் வருஷக் குறுவையில் மகள் பிறந்தாள், அதே கோணல் மூக்கோடு. அம்மா அந்த மூக்கைத் தொட்டுத் தொட்டு அழுதாள்.

'பொறக்கறதுக்கு முன்னாடியே போலீஸ் ஜீப்புல போனவ' என்றுதான் சொந்தத்தில் அவளுக்கு இன்றும் பெயர். அந்தப் புட்டியில் போனவள் இவள் இல்லை என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், யார் கேட்கிறார்கள்?

அவளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் எல்லோரும் சம்பளத்தையும் நிலத்தையும் விசாரித்தோம். கமலா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"மாப்பிள்ளைக்கு அடுப்புகிட்ட நிக்கிற வேலை இல்லையே?"