ஆனைமுத்து ஸ்ப்ரே கன் வாங்கினான்

ஒரு காட்டில், மரம் இழுக்கிற வேலைக்கு மெஷின் வந்துவிட்டதால் சும்மா உட்கார்ந்திருந்த யானை ஒருவன் இருந்தான். பெயர் ஆனைமுத்து. யானைக்கு ஆனைமுத்து என்று பேர் வைத்த பெற்றோரைப் பற்றி நாம் என்ன சொல்ல?

வேலை போன யானைக்கு அந்தக் காட்டில் மிச்சமிருந்தது ஒரே வழி. கோயில் வாசலில் காலில் சங்கிலியோடு நின்று, வருகிறவர் போகிறவர் தலையையெல்லாம் தொட வேண்டும். அவனுடைய அண்ணன் பதினொரு வருஷமாக அங்கேதான் நிற்கிறான். அதை நினைத்தாலே ஆனைமுத்து குனிந்து தன் கால்களை எண்ணிப் பார்த்துக்கொள்வான். நாலும் சங்கிலி இல்லாமல்தான் இருந்தன.

அப்போதுதான் காட்டு ஆஸ்பத்திரிச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் தேவை என்று போர்டு மாட்டினார்கள். வெள்ளிக்கிழமைக்குள் முடித்து, மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட்டுவிட்டால் நிரந்தர வேலை. ஸ்ப்ரே கன்னால் அடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆனைமுத்து விண்ணப்பத்தில் ‘நன்றாகத் தெரியும்’ என்று எழுதிக் கொடுத்தான். அதற்கப்புறம்தான் ஸ்ப்ரே கன் என்றால் என்னவென்று விசாரித்தான். நாமெல்லாம் வேலைக்குச் சேர்ந்ததும் இப்படித்தான், அவனை மட்டும் குறை சொல்ல வேண்டாம்.

ஹார்ட்வேர் கடை வைத்திருந்தவர் சுயம்பு என்ற பச்சோந்தி.

“அண்ணாச்சி, ஒரு ஸ்ப்ரே கன் வேணும். இதுக்கு முன்னாடி அடிச்சதில்ல. எது நல்லது?”

“உங்களுக்கு எது புடிக்குது, சொல்லுங்க.”

“இந்தச் சின்னது?”

“புதுசா பழகுறவங்களுக்கு அத விட்டா வேற கிடையாது,” என்றார் சுயம்பு. அந்தக் கன் ஆரஞ்சு நிறம். அவரும் ஆரஞ்சானார்.

“அந்தப் பெருசு?”

“அத வாங்கிட்டா ஆயுசுக்கும் கவலையில்ல.” இப்போது நீலமாகிவிட்டார்.

“பெயிண்ட் ஊத்துற டப்பா மேல இருந்தா நல்லதா, கீழ இருந்தா நல்லதா?”

“நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படித்தாண்ணே.”

அரை மணி நேரம் இப்படியே போனதில் சுயம்பு பாதி ஆரஞ்சும் பாதி நீலமுமாகச் சுவரில் சாய்ந்துவிட்டார். ஆனைமுத்து தானே ஒரு முடிவுக்கு வந்தான். கனமாக இருந்தால் சரக்கும் கனமாக இருக்கும். மோட்டாரும் எட்டு லிட்டர் டப்பாவும் ஒன்றாகப் பொருத்திய, கடையிலேயே கனமான இரும்புக் கன்னைத் தூக்கிக்கொண்டான். முதலில் பழைய அட்டைப்பெட்டியில் அடித்துப் பழகு என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை.

மற்றவர்கள் கன்னைக் கையால் பிடிப்பார்கள். யானைக்குக் கையும் மூக்கும் ஒன்றுதானே! ஆனைமுத்து தும்பிக்கை நுனியால் விசையை அழுத்தியதும், சுவரில் பட்டுத் திரும்பிய பெயிண்ட் புகை நேராக மூக்குக்குள் போனது. தும்மினான். யானைத் தும்மல். அடித்த இடத்தில் ஒரு பெரிய திட்டு. மறுபடி அழுத்தினான், மறுபடி தும்மினான். மூன்று நாள் இதே கதை. ஆஸ்பத்திரிக்குச் சுவரே நோயாளியாக வந்து நிற்பது போலிருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. கன்னைப் புதரில் வீசினான். ஆத்திரத்தில், தண்ணீர் விட்டுக் கலக்கி வைத்திருந்த டிஸ்டெம்பர் வாளிக்குள் தும்பிக்கையை விட்டு, உறிஞ்சி, சுவரைப் பார்த்து ஊதினான்.

சுவர் மெல்லிய பச்சையாக, ஒரே சீராக மாறியது. காற்று வெளியேதான் போனதால் தும்மலே வரவில்லை. பொழுது சாய்வதற்குள் நாலு பக்கமும் முடித்துவிட்டு, எத்தனையோ நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினான்.

வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் வந்தார். தவமணி என்ற கொக்கு. ஒற்றைக் காலில் நின்று சுவரை ரொம்ப நேரம் பார்த்தார்.

“பிரமாதமா இருக்கே! என்ன கன்?”

“கன் இல்லீங்க மேடம். தும்பிக்கையாலயே அடிச்சேன்.”

தவமணியின் முகம் மாறியது. “தும்பிக்கையா? எத்தனை வாட்?”

“வாட்டெல்லாம் இல்லீங்க.”

“வாரண்டி?”

“எங்க குடும்பத்துல எல்லாருக்கும் சாகுற வரைக்கும் நல்லாத்தான் உழைச்சிருக்கு.”

“ஏம்ப்பா, மூக்கால அடிச்ச சுவத்துக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போட முடியும்? மேலிடத்துல கேட்டா நான் என்ன சொல்லுவேன்? எல்லாத்தையும் சுரண்டி எடுத்துட்டுப் போயிடு.”

ஆனைமுத்துவின் காதில் சங்கிலிச் சத்தம் கேட்டது. ஓடினான். புதருக்குள் தேடி, மூக்கடைத்துக் காய்ந்துபோன கன்னை எடுத்து, ஒரு கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரும்பி வந்தான்.

“சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் மேடம். இதுலதான் அடிச்சேன்.”

தவமணி கன்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவர் கண்ணில் மரியாதை தெரிந்தது. “அதானே பார்த்தேன்! மெஷின்ல அடிச்சா அது தனிதான்,” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். வேலை உத்தரவின் அடியில் ஒரு வரியும் சேர்த்தார்: ‘பணி நேரத்தில் ஊழியர் மேற்படி கன்னைக் கழற்றக் கூடாது.’

இன்று அந்தக் காட்டில் ஆனைமுத்து பெயிண்ட் அடிக்காத சுவர் இல்லை. எல்லாம் தும்பிக்கையால் அடித்ததுதான். அவன் நடக்கும்போதெல்லாம் கன் முட்டியில் இடித்துக்கொண்டு தொங்குகிறது. ஒரு துளி பெயிண்ட் அதற்குள் போய் வருஷங்களாகின்றன. கழுத்து வலிக்கு மாத்திரை வாங்க மாதாமாதம் அதே ஆஸ்பத்திரிக்குப் போகிறான்.

நீதி: முதன்முதலாக ஸ்ப்ரே கன் வாங்குகிறவர்கள் எடை குறைந்ததாகப் பார்த்து வாங்கவும். பெயிண்ட் எதனால் அடித்தாலும் சுமக்கப்போவது அந்தக் கன்னைத்தான்.