இரண்டு பிஸ்கட் டின்னும் தராசு அங்கிளும்

எங்கள் தராசு அங்கிளோடு கால் மணி நேரம் கதைத்துவிட்டு, சொந்தக் கருத்தோடு திரும்பி வந்தவர் வெள்ளவத்தையில் ஒருவரும் இல்லை. நானும் பலமுறை போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் தலையைச் சொறிந்துகொண்டுதான் வந்தேன்.

கொட்டாஞ்சேனைக்காரர். பொலிஸ் ஆயுதக் களஞ்சியத்தில் சார்ஜன்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு மகள் டெல்பினோடு எங்கள் தொடர்மாடிக்கு வந்து சேர்ந்தார். கூடவே ஒரு குட்டித் தராசும் வந்தது. தேத்தண்ணிக்குச் சீனியை அதில் நிறுத்துத்தான் போடுவார். டெல்பினின் பிறந்தநாளுக்கு வாங்கிய ரோல்ஸில் ஐந்தைப் பிரித்து, உள்ளே இருந்த கிழங்கை நிறுத்து, "பேக்கரிக்காரன்ட கை நடுங்குது" என்று விருந்தாளிகளுக்கு அறிவித்தார். பிரித்த ரோல்ஸ் ஐந்தும் என் தட்டுக்கு வந்தன.

எல்லாம் தொழில் பழக்கம். பொலிஸிலும் இராணுவத்திலும் தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடுகிறவர்களுக்குத் துப்பாக்கி ரவை இரண்டு வகையாக உண்டாம். ஒன்று, பெக்டரியில் செய்து பெட்டியில் வருவது. மற்றது, வெடிமருந்தை நிறுத்து ஒவ்வொன்றாகக் கையால் அடைப்பது. அங்கிள் கையால் அடைப்பவர். ஓய்வு பெற்ற பிறகும் புதன்கிழமைகளில் அவரைக் கூப்பிடுவார்கள். எங்கள் ஒழுங்கையில் பொலிஸ் ஜீப் வந்து நின்றால், யாரைப் பிடிக்க வந்தார்களோ என்று ஏழு மாடியிலும் திரைச்சீலை அசையும். அங்கிள் சோற்றுப் பார்சலோடு இறங்கி வந்து, மேலே பார்த்து எல்லோருக்கும் கை காட்டிவிட்டு ஏறுவார்.

"எது அங்கிள் திறம்? பெக்டரியா, கையால அடைச்சதா?" என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன்.

"சேட் மாதிரித்தான் மகன். கடைச் சேட் எல்லாருக்கும் ஓரளவு பொருந்தும். தைச்ச சேட் உனக்கு மட்டும் பொருந்தும். அந்தத் துவக்குக்கு எண்டே அடைச்ச ரவை அப்பிடி."

"அப்ப தைச்சதுதான் நல்லது."

"தையல்காரன் அண்டைக்குப் பெண்சாதியோட சண்டை பிடிச்சிட்டு வந்திருந்தா?"

"அப்ப கடைச் சேட்."

"மெஷின் பிழைச்சு, அடிச்ச அவ்வளவு சேட்டுக்கும் பொத்தான் இடம் மாறியிருந்தா?"

"அப்ப எதைத்தான் போடுறது அங்கிள்?"

"அதைத்தானே நானும் யோசிக்கிறன்" என்று சீனியை நிறுத்தார்.

இப்படியிருக்க, களஞ்சியத்துக்குப் புதிய அதிகாரி ஒருவர் வந்தார். பெக்டரி ரவை இருக்கும்போது இந்தக் கிழவர் எதற்கு என்று கேட்டார். இரண்டையும் சுட்டுப் பார்ப்பது, கையால் அடைத்தது தோற்றால் அங்கிளின் வேலையை நிறுத்துவது என்று முடிவானது. அங்கிள் லிஃப்டில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"புதன்கிழமை போயிட்டா எனக்கு முழுக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமைதான் மகன்."

சுட்டுப் பார்க்கும் நாளன்று ஜீப் வரவில்லை. என் காரில்தான் கூட்டிப் போனேன். சுடும் திடலின் ஓரத்தில் எனக்கும் ஒரு கதிரை தந்தார்கள்.

சுடுகிறவருக்கு எது எதென்று தெரியக் கூடாது, தெரிந்தால் கை பாரபட்சம் பார்க்கும் என்பது அங்கிளின் கட்சி. ஆகவே இரண்டு வகையையும் ஒரே மாதிரியான இரண்டு பிஸ்கட் டின்களில் போட்டார். வெளியே பார்த்தால் ரவைகளிலும் வித்தியாசம் தெரியாது. அடையாளம் வைத்தால் யாராவது கண்டுபிடிப்பார்கள் என்று அதுவும் வைக்கவில்லை. இடது பக்கம் பெக்டரி, வலது பக்கம் தன்னுடையது என்று மனதில் வைத்துக்கொண்டார். பிறகு கொன்ஸ்டபிள் ஒருவர் அதிகாரிக்குத் தேத்தண்ணி வைப்பதற்காக டின் இரண்டையும் தூக்கி, மேசையைத் துடைத்து, திரும்ப வைத்தார்.

முதல் டின்னில் இருந்ததைச் சுட்டார்கள். குறிப்பலகையில் விழுந்த துளைகள் எல்லாவற்றையும் ஒரு பொத்தானால் மூடியிருக்கலாம். மற்ற டின்னில் இருந்ததையும் சுட்டு முடித்தார்கள். துளைகள் கொட்டின கடலை மாதிரி இருந்தன.

அதிகாரிக்கே பிரமிப்பு. எழுந்து வந்து, "சார்ஜன்ட் மாத்தயா, இந்த நல்லது உங்களுடையதுதானே?" என்று சிங்களத்தில் கேட்டார்.

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். நான் கதிரையில் இருந்தபடியே தலையை ஆட்டி ஆட்டிக் காட்டினேன். அங்கிள் இடது டின்னைப் பார்த்தார். வலது டின்னைப் பார்த்தார். கொன்ஸ்டபிளைப் பார்த்தார். எதை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை என அவர் கையை விரித்தார்.

"தெரியாது சேர்" என்றார் அங்கிள்.

நான் கிட்டப் போய், "உங்கடை எண்டு சொல்லியிருக்கலாமே அங்கிள்!" என்று காதுக்குள் கடிந்துகொண்டேன்.

"ஒருவேளை அது பெக்டரி ரவையா இருந்தா? பாவம் மகன், அவங்களும் கஷ்டப்பட்டுத்தானே செய்திருப்பாங்கள்."

அதிகாரி தலையைச் சொறிந்தார். அவரும் எங்கள் தொடர்மாடிக்காரர் மாதிரி ஆகிவிட்டார். கடைசியில், "சரி, இது கணக்கில் இல்லை. அடுத்த புதன் வாங்க, திரும்பச் செய்வோம்" என்றார்.

"அடுத்த புதனா சேர்?" என்று அங்கிள் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்த பிறகு, எது திறமான ரவை என்ற கேள்விக்கு இந்த உலகத்தில் ஒருவரும் ஒருநாளும் விடை கண்டுபிடிக்கக் கூடாது என்றுதான் எனக்கு ஆசையாக இருந்தது.